மாமியாரின் தம்புராவும் ஆறு ராக்வூல் பலகைகளும்

என் மாமியார் நான்கு வருடங்களாகப் பாடகியின் மடியில் உட்கார்ந்து தம்புரா மீட்டிக்கொண்டிருந்தார். நிஜத்தில் அல்ல, என் வீட்டு ஸ்டீரியோவில்.

2019 நவராத்திரியின்போது ஸ்ரீரங்கத்தில் நாத்தனார் வீட்டுக் கூடத்தில் ஒரு சின்னக் கச்சேரி நடந்தது. முற்றம் வைத்த பழைய வீடு, மரத்தூண்கள், உயரமான கூரை. பாடியவர் நடுவில், அவருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். பாடகிக்கு நாலடி பின்னால், தூணை ஒட்டி, தோளில் சாய்த்த தம்புராவோடு என் மாமியார். எதிரே ஏழடி தள்ளி ஒரு முக்காலியின் மேல் என்னுடைய ஜூம் எச்4என் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தேன். முக்காலியைப் போட்டதும் நான்தான், அடி அளந்ததும் நான்தான். ஆகவே யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

அந்தப் பதிவை நங்கநல்லூர் வீட்டில் போட்டால், கொடியில் உலர்த்திய துணிகளைப் போல எல்லோரும் ஒரே வரிசையில் தொங்கினார்கள். மிருதங்கம் இடக்கோடி, வயலின் வலக்கோடி. அதில் தவறே இல்லை. முன், பின் என்பதுதான் இல்லை. பாடகியின் குரல் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தேதான் தம்புராவும் வந்தது. ஒயரை மாற்றினேன், ஆம்ப்ளிஃபையரை மாற்றினேன், மாமியார் மடியை விட்டு இறங்கவில்லை. பிறகு ஒருநாள் அதே கோப்பைத் தோழி ஒருத்தியின் பெரிய கூடத்தில், என்னுடையதில் பாதி விலைகூட இல்லாத ஸ்பீக்கரில் கேட்டேன். தம்புரா எழுந்து போய்த் தூணடியில் உட்கார்ந்தது. குற்றம் கருவியில் இல்லை, என் அறையில்தான் என்று அன்றைக்கு உறைத்தது.

இப்போது என் வீட்டிலும் மாமியார் தூணடியில்தான் இருக்கிறார். அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்ததில் பாதிப் பங்கு, ஸ்பீக்கரை இழுத்துப் போட்ட என் கைகளுக்கு. மீதிப் பாதி, அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கிய ஆறு ராக்வூல் பலகைகளுக்கு. ராக்வூல் என்றால் பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு, ஒலியை விழுங்கும். இந்த விமர்சனம் அந்தப் பலகைகளைப் பற்றியது. பட்டறையின் பெயரைப் போடவில்லை. முதல் தடவை அவர்கள் செய்துவைத்த வேலையைக் கொஞ்சம் திட்டப்போகிறேன். பிறகு முகம் சுளிக்காமல் சரிசெய்து கொடுத்தவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவது நியாயமில்லை.

அறையைச் சொல்லிவிடுகிறேன். 14 அடிக்கு 11 அடி, உயரம் ஒன்பதரை அடி. இரண்டாவது மாடி. விட்ரிஃபைட் டைல்ஸ் தரை, வழுவழுவென்று பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த சுவர்கள், ஒரு ஜன்னல், ஒரு புடவை பீரோ, ஒரு புத்தக அலமாரி. நடுவில் நின்று கையைத் தட்டினால் சுவருக்குச் சுவர் ‘ட்ர்ர்’ என்று ஒரு சத்தம் ஓடும். ஸ்பீக்கர் கெஃப் எல்எஸ்50 மெட்டா. ஆம்ப் 50 வாட், இந்தக் கதையில் அதற்கு வேறு வேலை இல்லை.

நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அலைகள் பாடத்தை இருபத்திரண்டு வருடங்களாக நடத்துகிறேன். இரண்டு அலைகள் எதிர்க்கட்டத்தில், அதாவது ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தோடு, சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும் என்று கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன்! அது நான் பாட்டு கேட்கும் அறையிலேயே தினமும் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

அதற்கு முன் ஏமாந்த கதை ஒன்று உண்டு. ‘அறையையே ஸ்டுடியோ ஆக்கித் தருகிறோம்’ என்று ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். வந்தவர் என் கணவரைப் பார்த்து, “சார் என்ன மாதிரி பாட்டு கேட்பீர்கள்?” என்றார். என் கணவருக்குக் கிரிக்கெட் வர்ணனைதான் பாட்டு. “அவங்களைக் கேளுங்க” என்று என்னைக் காட்டினார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் கணவரிடமே விலையைச் சொன்னார். இரண்டு அங்குலத் தடிமனில், முட்டைத் தட்டு போன்ற கறுப்பு நுரைத் துண்டுகள் 24; சுவரில் பசை போட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். வயலினின் மேல்ஸ்தாயி மங்கியது, மிருதங்கத்தின் வலந்தலை அட்டைப்பெட்டியைத் தட்டியது போல ஆனது, மாமியார் மட்டும் மடியிலேயே இருந்தார். எட்டு மாதத்தில் நுரை பழுப்பேறி உதிரத் தொடங்கியது. பிய்த்தபோது பெயின்ட்டும் பட்டியும் சேர்ந்தே வந்தன. சுவரைச் சரிபண்ணிய செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வயிறு எரிகிறது.

இரண்டு அங்குல நுரை ஏன் பிரயோஜனப்படவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் கூர்மையான சுரங்கள் டார்ச் வெளிச்சம் போல முன்னோக்கிப் போகின்றன. கனமான சுரங்கள் அப்படி அல்ல, குத்துவிளக்கு வெளிச்சம் போல எல்லாப் பக்கமும் பரவும். என் ஸ்பீக்கரின் முகம் 20 சென்டிமீட்டர் அகலம்தான். ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் பின்பக்கமும் போகும். பின்சுவரில், அதாவது ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரில், மோதித் திரும்பி வருவது பெரும்பாலும் அதுதான். ஒரு பொருள் ஒலியை நன்றாக விழுங்க வேண்டுமானால் அதன் ஆழம் அலைநீளத்தில் கால்பங்குக்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டும். 300 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 29 சென்டிமீட்டர். இரண்டு அங்குல நுரை அங்கே என்ன செய்யும்? வயலினின் மினுமினுப்பை மட்டும் தின்றுவிட்டு, தின்ன வேண்டியதைத் தொடாமல் விட்டுவிடும்.

ஒருவர் பக்கத்தில் இருக்கிறார், இன்னொருவர் தள்ளி இருக்கிறார் என்று காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? பக்கத்தில் இருப்பவரின் நேர்க்குரல் தூக்கலாக இருக்கும், கூடத்தின் முழக்கம் அடங்கியிருக்கும். தள்ளி இருப்பவரிடம் நேர்க்குரலும் முழக்கமும் கிட்டத்தட்ட சரிசமமாகக் கலந்து வரும், கூர்மையும் சற்று மழுங்கியிருக்கும். ஸ்ரீரங்கத்துக் கூடம் இந்தச் சின்னச் சின்னக் குறிப்புகளையெல்லாம் என் பதிவில் எழுதி வைத்திருந்தது. நங்கநல்லூர் அறை அவற்றின் மேல் தன் சொந்த எதிரொலியைக் கிறுக்கி அழித்தது. ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 58 சென்டிமீட்டரில் இருந்தது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 3.3 மில்லி விநாடி தாமதமாக வந்து சேரும். இவ்வளவு சீக்கிரம் வரும் எதிரொலி நமக்குத் தனியாகக் கேட்பதில்லை. 1949இல் ஹெல்முட் ஹாஸ் தன் ஆய்வில் காட்டியது போல, காது இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. தனியாகக் கேட்காவிட்டாலும், ‘சுவர் இதோ பக்கத்தில்’ என்று அது சொல்லிவிடுகிறது. அப்புறம் தூணாவது, முற்றமாவது.

இன்னொரு சேதாரமும் உண்டு. அதே 58 சென்டிமீட்டர் கால் அலைநீளமாக அமையும் அதிர்வெண் சுமார் 150 ஹெர்ட்ஸ். அங்கே நேரொலியும் எதிரொலியும் ஒன்றை ஒன்று அழித்து ஒரு பள்ளம் விழுகிறது. பாடகியின் சுருதி ஐந்து கட்டை. ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், தம்புராவின் பஞ்சமத் தந்தி 147. அதாவது, மாமியாரின் முதல் தந்தி அந்தப் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

முதல் வேலைக்குப் பைசா செலவில்லை. ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து நாலடியில் இருக்கும்படி முன்னே இழுத்தேன். இரண்டுக்கும் நடுவே ஆறடி, பக்கச் சுவர்களுக்கு இரண்டரை அடி. என் நாற்காலி ஸ்பீக்கர் வரிசையிலிருந்து ஐந்தரை அடி தள்ளி. என் தலைக்குப் பின்னால் புத்தக அலமாரி வரை நாலரை அடி. பின்சுவர் எதிரொலி 3.3 மில்லி விநாடியிலிருந்து 7க்குப் போயிற்று, பள்ளம் 72 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. அங்கே தம்புராவுக்குத் தந்தி எதுவும் இல்லை, இருப்பதிலேயே கனமான தந்தியான மந்தர ஷட்ஜமே 98தான். டிவியைக் கூடத்துக்கு நாடு கடத்தினேன். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே அவ்வளவு பெரிய கண்ணாடிப் பலகையை நிறுத்திவிட்டு ஆழம் தேடுவது, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுத் தெருவை வேடிக்கை பார்ப்பது மாதிரி. டிவி போனதில் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. கிரிக்கெட் சீசன் வேறு.

இவ்வளவிலேயே மாமியார் மடியிலிருந்து இறங்கிவிட்டார். ஆனால் ஓரடிதான் பின்னே போனார்.

அடுத்து, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. 1895இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம், பேச்சே புரியாமல் முழங்கிய ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யும் வேலை வந்தது. பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகச் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு, ஓசை அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று காதாலேயே கேட்டு அளந்தார். கட்டட ஒலியியல் அங்கேதான் பிறந்தது. நானும் பள்ளி விடுமுறையில் அதைத்தான் செய்தேன். வீட்டிலிருந்த நான்கு இலவம்பஞ்சு மெத்தைகளை ஸ்பீக்கருக்குப் பின்னால் சுவரோரம் நிமிர்த்திச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுப் பதிவைப் போட்டேன். தம்புரா இன்னும் இரண்டடி பின்னே போயிற்று. போன மாத்திரத்தில் எழுந்து மெத்தைகளை எடுத்துவிட்டுக் கேட்டேன், திரும்பி வந்துவிட்டது. மறுபடி சாத்தினேன், போயிற்று. பலகை வாங்க நினைக்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: முதலில் மெத்தையைச் சாத்திப் பாருங்கள். மெத்தைக்கு அசையாத அறை பலகைக்கும் அசையாது.

வருஷம் முழுக்க மெத்தையைச் சாத்தி வைத்துவிட்டுத் தரையில் படுக்க முடியாதே. பட்டறையில் சொன்னது இது. நாலடி உயரம், இரண்டடி அகலம், நாலு அங்குலத் தடிமன். உள்ளே கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியில் இரண்டு அங்குல ராக்வூல் இரண்டு அடுக்கு. அதைச் சுற்றி மெல்லிய நெய்யாத துணி, தூசு கிளம்பாமல் இருக்க. மேலே நான் வாங்கிக் கொடுத்த கைத்தறிப் பருத்தி. துணிக்கு ஒரே தேர்வுதான்: வாயோடு சேர்த்துப் பிடித்து ஊத வேண்டும், மூச்சு தடையில்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டும். கடையில் ஏழெட்டுத் துணிகளை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்த என்னை விற்பனைப் பெண் பார்த்த பார்வை மறக்காது. மூச்சு போகாத துணியில் ஒலியும் சரியாகப் போகாது. ரெக்சின், வெல்வெட் எல்லாம் வேண்டாம். கடைசியில் எடுத்தது மாந்தளிர் நிறம்.

பலகை ஒன்று 3,400 ரூபாய், ஆறுக்கு 20,400; கொண்டுவந்த குட்டி யானை வண்டிக்கு 900. துணி விலை தனி. சொன்னது பத்து நாள், வந்தது இருபத்திமூன்றாம் நாள்.

இறக்கிவைத்த அன்றே எனக்குக் கோபம் வந்தது. ஆறு பலகைகளின் முதுகிலும் ஹார்ட்போர்டை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். கேட்டால், “ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு அடிச்சோம்மா” என்றார் பட்டறைக்காரர். அவர் மேல் தப்பில்லை. அவர் பார்வையில் அது ஒரு மரச்சாமான், முதுகு இல்லாத அலமாரியை யாராவது விற்பார்களா? ஆனால் இந்தப் பலகையின் வேலையில் பாதி முதுகில்தான் நடக்கிறது. சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி மாட்டினால், உள்ளே இருக்கும் பஞ்சும் பின்னால் இருக்கும் காற்றும் சேர்ந்து எட்டு அங்குல ஆழமாக வேலை செய்யும். ஹார்ட்போர்டு அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. தொலைபேசியில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. நேரில் போய், மேசை விசிறிக்கு முன்னால் ஒரு பலகையைப் பிடித்து, பின்னால் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். காற்று வரவில்லை. ஒரு ஹார்ட்போர்டைக் கழற்றிவிட்டு மறுபடி பிடித்தேன். லேசாகத் துணி அசைந்தது. “ஓ, இது ஜன்னலாம்மா!” என்றார். என் வகுப்பில் இப்படி ஒரு மாணவன் வருடத்துக்கு ஒருவன் கிடைத்தால் போதும். ஆறையும் கழற்றி, முதுகில் குறுக்குச் சட்டம் இரண்டு மட்டும் வைத்து, அதன்மேல் அதே நெய்யாத துணியை இழுத்துக் கட்டிக் கொடுத்தார். கூடுதல் காசு வாங்கவில்லை.

சொல்ல வேண்டிய வேறு குறைகள்: இரண்டு பலகைகள் மற்றவற்றைவிட அரை அங்குலம் குட்டை, பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் தெரியும். ஒன்றின் மூலையில் துணி தொய்ந்து பை போட்டிருந்தது. ஸ்டேப்ளர் ஊசிகள் சில இடங்களில் துருத்திக்கொண்டு விரலைக் கிழிக்கின்றன. சட்டம் பேக்கிங் மரம்தான், ஆனால் இழைத்து, கரையான் மருந்து அடித்திருந்தார்கள். கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் அவசியம். ராக்வூல் இழை பட்டால் முன்கை ஒரு நாள் முழுக்க அரிக்கும். மாட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

எங்கே மாட்டுவது? இதில் நான் இரண்டு தடவை மனம் மாறினேன். முதலில் பின்சுவரில் நான்கு, பக்கச் சுவர்களில் ஆளுக்கொன்று. பக்கச் சுவரில் இடத்தைக் கண்டுபிடிக்க எல்லோரும் சொல்லும் கண்ணாடி வித்தைதான். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, கணவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போனார். கண்ணாடியில் ஸ்பீக்கரின் ட்வீட்டர் (கூர்மையான சுரங்கள் வரும் சின்ன வாய்) தெரிந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். பென்சில் தேடிக் கிடைக்கவில்லை. கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்துச் சுவரில் ஒட்டினார். ஸ்பீக்கருக்கு ஒன்றே முக்கால் அடி முன்னால், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், அரக்கு நிறத்தில் ஒரு பொட்டு. அது இன்னும் அங்கேயே இருக்கிறது. வருகிறவர்கள் வாஸ்து என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பக்கப் பலகைகளை மாட்டியதும் குரல் கத்தரித்தது போலத் தெளிந்தது. ஆனால் கூடம் ஒடுங்கிவிட்டது. மிருதங்கமும் வயலினும் ஸ்பீக்கருக்கு உள்ளே நெருங்கி வந்து உட்கார்ந்தன. ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் தன் ஆய்வுகளில் பல வருடங்களாகச் சொல்லிவருவது இதைத்தான்: பக்கவாட்டு எதிரொலி எல்லாமே பகை அல்ல, விசாலமான உணர்வுக்கு அதில் பங்கு உண்டு. பின்சுவரிலிருந்து வரும் எதிரொலி ஆழத்தைக் கெடுக்கிறது, பக்கத்திலிருந்து வருவது அகலத்தைக் கூட்டுகிறது என்பது என் அறையில் நான் கேட்டது. உங்கள் காதுக்கு வேறு மாதிரி இருக்கலாம். ஸ்டுடியோக்காரர்கள் பக்கச் சுவரை மூடத்தான் சொல்வார்கள், அவர்களுக்கு வேலை வேறு. நான் பக்கப் பலகைகளைக் கழற்றி, ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் உள்ள இரண்டு மூலைகளிலும் குறுக்காக நிறுத்திவிட்டேன். இடச் சுவரில் ஜன்னல் திரை மட்டும். வலச் சுவரில் பீரோ. அந்தப் பீரோவின் கைப்பிடி கடத்தின் சில அடிகளுக்கு ‘ஙி’ என்று கூடப் பாடும். ஒரு பழைய ரவிக்கைத் துணியை மடித்துச் செருகியதும் வாயை மூடியது.

இனி, கேட்டது. பதிவில் ஆலாபனையின் நடுவே பாடகி மூச்சு எடுக்க நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. மூன்று விநாடி இருக்கும். முன்பெல்லாம் அந்த மூன்று விநாடியில் தம்புரா ‘முன்னால் ஓடிவந்து’ இடத்தை நிரப்பும். இப்போது குரல் நின்றதும் முன்னால் ஒரு காலியிடம் உண்டாகிறது. அந்தக் காலியிடத்தின் அந்தப் பக்கம் தம்புரா தன்பாட்டுக்கு மீட்டப்படுகிறது. மறுபடி பாடத் தொடங்கும்போது குரல் தம்புராவை மறைப்பதில்லை, அதற்கு முன்னால் வந்து நிற்கிறது. பாடகி வெந்நீர் டம்ளரைத் தரையில் வைக்கும் ‘டொக்’, அவர் முழங்காலுக்கு முன்னால், என் பக்கம். மிருதங்கக்காரர் கல்லால் வாரைத் தட்டிச் சுருதி சேர்ப்பது அவரது மடிக்கு அருகில், தாழ்வாக. முற்றத்தில் ஒரு காகம் கரைந்திருக்கிறது. இத்தனை வருடம் அதை நான் நங்கநல்லூர்க் காகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொந்தப் பதிவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதால் இன்னொன்று. விஸ்வமோகன் பட்டும் ரை கூடரும் சேர்ந்து வாசித்த ‘எ மீட்டிங் பை த ரிவர்’. கவிச்சந்திரன் அலெக்சாண்டர் தன் வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ் இசைப்பதிவு நிறுவனத்துக்காகக் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயத்துக்குள் வைத்துப் பதிவு செய்தது. 1993இல் வெளிவந்து, மறுவருடம் கிராமி வாங்கியது. பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931 காப்புரிமையில் விவரித்த முறைப்படி, குறுக்காக வைத்த ஒரு ஜோடி மைக்கில் பதிவானது. அதில் பட்டின் மோகன வீணையின், அதாவது அவர் உருமாற்றிய கிதாரின், தந்தி அறுபட்டது போல நின்ற பிறகும் அந்தக் கட்டடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கும். முன்பு அந்தப் பேச்சு ஸ்பீக்கர் பெட்டியிலேயே முடிந்துவிடும். இப்போது அது என் சுவரைத் தாண்டி, பக்கத்து ஃபிளாட்டின் சமையலறை வரை போய் அடங்குகிறது. அந்த வீட்டுக் குக்கர் விசில் எதிர்த்திசையில் வரும்போதுதான் சுவர் ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது.

சினிமாப் பாட்டுகளில் பலன் பாதிக்குப் பாதி. தனித்தனி டிராக்கில் எடுத்து, செயற்கையாக முழக்கம் சேர்த்த பாட்டுகளில் ஆழம் எவ்வளவு என்பது அந்த மிக்ஸிங் பொறியாளர் கையில் இருந்தது. அவர் கொடுக்காததைப் பலகை கொடுக்காது. சிலவற்றில் குரலுக்கு ஒரு குகை, கோரஸுக்கு வேறொரு குகை என்று ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது. சபாக்களில் ஆளுக்கொரு மைக் வைத்து எடுத்த கச்சேரிகளும் அப்படித்தான். இட வலப் பிரிவில்லாத பழைய மோனோ பதிவுகள்தான் எதிர்பாராத லாபம். நடுவில் கோலிக்குண்டு அளவுக்குக் குரல் திரண்டு நிற்கிறது, அதற்குப் பின்னால் ஒரு கூடமும் தெரிகிறது.

காதை மட்டும் நம்பினால் கணவர் சிரிப்பார் என்று மினிடிஎஸ்பியின் யூமிக்-1 மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருளும் வைத்து அளந்தேன். முதல் எதிரொலி நேரொலியைவிட 7 டெசிபல் மட்டுமே குறைவாக இருந்தது, இப்போது 16 டெசிபல் குறைவு. அறையின் முழக்கம் 0.7 விநாடியிலிருந்து 0.45க்கு வந்திருக்கிறது. 40 ஹெர்ட்ஸில் அறையின் நீளத்தால் வரும் வீக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு நாலு அங்குலப் பலகை போதாது, மூலையில் நிறுத்தினாலும் போதாது. கனமான மின்னணு இசை கேட்கிறவர்கள் இந்தப் பலகையிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இடையில் ஆசைப்பட்டு, ஒலியை விழுங்காமல் சிதறடிக்கும் மர டிஃப்யூசர் ஒன்றையும் ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். மான்ஃபிரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் எண்கணிதத்திலிருந்து கண்டுபிடித்த, ஏறியும் இறங்கியும் குழிகள் வைத்த பலகை. பார்க்க அழகு. என் அறையில் காதுக்கும் அதற்கும் உள்ள தூரம் போதவில்லை. குழிக்குக் குழி தனியாகப் பேசுவது போல இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். தலைக்குப் பின்னால் இருக்கும் புத்தக அலமாரியில், புத்தகங்களை ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று கோணல்மாணலாக அடுக்கியதே எனக்குப் போதும். மாமியார் வந்தால் அவற்றை நேராக அடுக்கிவிடுவார், அவர் போன பிறகு நான் கலைத்து வைப்பேன்.

தினசரி வாழ்க்கையில் தொல்லைகள் உண்டு. ஸ்பீக்கர் அறையின் நடுவில் நிற்கிறது. பெருக்கும்போது ஒவ்வொரு நாளும் நகரும். தரையில் ஸ்டாண்டின் காலுக்கு மாஸ்க்கிங் டேப்பால் குறி போட்டிருக்கிறேன். ஓர் அங்குலம் தவறினாலும் எனக்குத் தெரியும் என்று சொன்னால் அது பீற்றல், மூன்று அங்குலம் தவறினால் தெரியும். நல்ல இடம் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான். பக்கத்தில் உட்காருபவருக்குப் பாட்டு கேட்கும், மேடை தெரியாது. அப்புறம், பலகைக்கும் சுவருக்கும் நடுவே நாலு அங்குல இடைவெளி விட்டேன் அல்லவா, அதில் ஒரு பல்லி குடியேறிவிட்டது. மெதுவான ராக ஆலாபனையின்போது மேடையின் ஆழத்திலிருந்து ‘ச்சு ச்சு ச்சு’ என்று ஆமோதிக்கிறது. இந்தக் குறைக்குப் பட்டறையில் தீர்வு இல்லை.

21,300 ரூபாய் இதற்குத் தகுமா என்று கேட்டால், நான் முன்பு மாற்றிய ஆம்பின் விலையில் இது பாதிகூட இல்லை. மாற்றம் அதைவிடப் பல மடங்கு. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நாலடி இழுக்க வீட்டில் இடமும் அனுமதியும் இல்லாதவர்கள் வாங்க வேண்டாம், அந்தப் பாதி இல்லாமல் இந்தப் பாதி நொண்டும். இடம் இருப்பவர்கள் நான்கு பலகையோடு தொடங்கலாம், ஆறு வேண்டியதில்லை. முதுகில் ஹார்ட்போர்டு இருக்கிறதா என்று மட்டும் இறக்கும்போதே திருப்பிப் பாருங்கள்.

போன மாதம் மாமியார் வந்திருந்தார். சுவரைப் பார்த்து, “இது என்னம்மா, சுவருக்கெல்லாம் மெத்தை தைத்துப் போட்டிருக்கிறாய்?” என்றார். நல்ல நாற்காலியில் உட்கார வைத்து, நவராத்திரிப் பதிவைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல்கள் மடியில் தாமாகவே மீட்டத் தொடங்கின. பாடகி மூச்சு எடுக்கும் அந்த மூன்று விநாடி வந்தது. கண்ணைத் திறந்து, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, பலகைக்கும் பின்னால் எங்கோ ஓரிடத்தை உற்றுப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“பஞ்சமம் ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது. இத்தனை வருஷமாக யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே!” என்றார்.